புது சென்டர் கன்சோல் சத்தம் போடுகிறதா, ஆடுகிறதா, உரிகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

காரின் இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவில் வரும் பெட்டிதான் சென்டர் கன்சோல். அதை நாமே செய்து பொருத்தி முடித்த அன்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் ஓட்டி, நாலு நாள் வெயிலில் நிறுத்திய பிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முதலில் எங்கிருந்தோ ஒரு கிரீச் சத்தம், அப்புறம் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் ஒரு நாள் காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகாது.

நான் முதலில் செய்த கன்சோலைத் தரையோடு சிலிக்கான் பசை போட்டு ஒட்டிவிட்டேன், உறுதியாக இருக்கும் என்று நம்பி. உள்ளே ஒரு வயர் கழன்றபோது அதைப் பெயர்த்தெடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது, கார்ப்பெட்டும் கிழிந்தது. அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்திருக்கும் விதி ஒன்றுதான்: கன்சோல் பத்து நிமிடத்தில், ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு ஸ்பானரும் வைத்தே கழன்று வெளியே வர வேண்டும். அப்படி வராது என்றால் கீழே சொல்லும் எதையும் உங்களால் ஒழுங்காகச் சோதிக்க முடியாது, அதனால் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். ஒட்டியதைப் பிரித்து, நாலு போல்ட்டில் நிற்கும்படி மாற்றி, வயர்கள் எல்லாவற்றையும் ஒரே கனெக்டரில் பிடுங்கும்படி ஆக்கிவிட்டு வாருங்கள்.

ஏர்பேக் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது

மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது என்பதால் முதலில் சொல்கிறேன். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் இருப்பது கன்சோலுக்கு அடியில், நடுவில் மேடாக ஓடும் அந்தத் தகட்டின் மேல்தான். சீட்டுக்கு அடியிலும் பெல்ட் பக்கிளுக்கும் பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் போகும் வயர்கள் இருக்கும், பெரும்பாலும் மஞ்சள் நிறக் கனெக்டரோடு.

இடம் போதவில்லை என்று சீட்டைக் கழற்றி, அந்தக் கனெக்டரைப் பிடுங்கி வைத்திருந்த நேரத்தில் யாராவது சாவியைப் போட்டிருந்தால் பிழை பதிவாகியிருக்கும். கனெக்டரைத் திரும்ப மாட்டினாலும் பல கார்களில் விளக்கு தானாக அணையாது, காரின் பிழைப் பதிவைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டும். அழித்ததும் போய்விட்டு மறுபடி வராவிட்டால் விஷயம் முடிந்தது. மறுபடி வந்தால் ஏதோ ஒரு கனெக்டர் முழுதாக உட்காரவில்லை, அல்லது உங்கள் ஸ்குரூ ஒன்று வயரைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கன்சோலைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். மல்டிமீட்டரையோ டெஸ்ட் லைட்டையோ அந்த மஞ்சள் கனெக்டரில் வைக்கவே கூடாது, அந்தச் சிறு மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். தொடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள், நான் குறைந்தது பத்து நிமிடம் விடுவேன்.

இன்னொன்று. அந்த யூனிட்டின் போல்ட்டையே உங்கள் பிராக்கெட்டுக்கும் பயன்படுத்தியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அது தகட்டோடு இறுக்கமாக, அதன் மேலுள்ள அம்புக்குறி சொல்லும் திசையில் இருந்தால்தான் மோதலைச் சரியாக உணரும். நடுவில் ஒரு வாஷர் தடிமன்கூட வரக்கூடாது, இடம் மாற்றவும் கூடாது. கன்சோல்தான் அதைச் சுற்றி வளைந்து போக வேண்டும்.

ஓடும்போது சத்தம்

சத்தம் என்று மொத்தமாகச் சொன்னால் வழி கிடைக்காது, எந்த மாதிரிச் சத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கன்சோலின் ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதற்கு ஒரு கையளவுக்குள் காரணம் இருக்கும்.

கிரீச் என்று இழுத்தாற்போல வந்தால் இரண்டு பரப்புகள் உரசுகின்றன, ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன. கன்சோலின் விளிம்பு டாஷ்போர்டு பிளாஸ்டிக்கைத் தொடும் இடமும், ரெக்சின் போட்ட பக்கவாட்டுப் பலகை சீட்டின் பிளாஸ்டிக்கைத் தொடும் இடமும்தான் வழக்கமான குற்றவாளிகள். இதற்குத் துணி டேப் அல்லது ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள், தொடும் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் ஒட்டினால் போதும். சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் உடனே நிற்கும், ஆனால் அடிக்காதீர்கள். கொஞ்ச நாளில் சத்தம் திரும்பி வரும், சிலிக்கான் பட்ட இடத்தில் அதற்குப் பிறகு பசையும் பெயின்டும் ஒழுங்காகப் பிடிக்காது.

கடகடவென்று மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது. முதலில் கன்சோலுக்குள் இருக்கும் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், இதைச் செய்யாமல் பாதிப் பேர் பலகையைப் பிரிக்கிறார்கள். அதன் பிறகும் வந்தால் உள்ளே தொங்கும் வயரும் கனெக்டரும் பலகையில் தட்டுகிறதா என்று பாருங்கள், கனெக்டருக்கு ஃபோம் சுற்றி டை போட்டால் தீரும். அதுவும் இல்லையென்றால் ஸ்குரூ.

மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்தவர்களுக்கு இந்த ஸ்குரூ விஷயம் முக்கியம். எம்.டி.எஃப்.பின் முகப்பில் ஸ்குரூ ஓரளவு பிடிக்கும், வெட்டிய விளிம்பில் பிடிக்கவே பிடிக்காது, பலகை இரண்டாகப் பிளந்துகொள்ளும். 4 மி.மீ. ஸ்குரூவுக்கு 3 மி.மீ. துளை முதலில் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அடிக்கடி கழற்றும் இடம் என்றால் நேரடி ஸ்குரூ வேலைக்கே ஆகாது. உள்ளே மரை உள்ள பித்தளை இன்சர்ட்டைப் பதித்து அதில் மெஷின் ஸ்குரூ போடுங்கள். ஏற்கெனவே துளை பெரிதாகி ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருந்தால், பெரிய ஸ்குரூ தேட வேண்டாம், அந்தத் துளையைப் பெரிதாக்கி ஒரு மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, காய்ந்ததும் புதிதாகத் துளையிடுங்கள்.

கணகணவென்று குறிப்பிட்ட வேகத்தில் அல்லது இன்ஜின் சுற்றில் மட்டும் அதிர்ந்தால், பெரிய தட்டையான பலகை ஒன்று தோல் கட்டிய மேளம் மாதிரி அடிக்கிறது. அதன் பின்புறத்தில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒரு துண்டு ஒட்டுங்கள், நடுவில் ஒட்டினால் போதும், முழுவதும் மூட வேண்டியதில்லை.

முழங்கையை வைத்தால் ஆடுகிறது

கைவைக்கும் பகுதி தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருந்து, பிடிப்பு எல்லாம் தரையில் மட்டும் இருந்தால் ஆடத்தான் செய்யும், அது நெம்புகோல் கணக்கு. இன்னொரு ஸ்குரூ கீழே சேர்ப்பதால் பலனில்லை. முன்பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே, கம்பெனி கன்சோலின் போல்ட் இருந்த அதே இடத்தில் ஒரு பிடிப்பு, பின்பக்கம் ஒரு பிடிப்பு, இந்த இரண்டுக்கும் நடுவில் தகட்டுக்கு இரண்டு புறமும் அகலமாகக் கால் பரப்பிய எல் பிராக்கெட், இப்படி இருந்தால் நிற்கும். உள்ளே குறுக்காக ஒரு பலகைத் தடுப்பு வைத்தால் பெட்டி முறுக்குவதும் நின்றுவிடும். நாலு பக்கமும் ஒட்டியிருந்தாலும் குறுக்குத் தடுப்பு இல்லாத பெட்டி சாய்சதுரமாக நெளியும், கையால் தள்ளிப் பார்த்தாலே தெரியும்.

புதிதாகத் தரையில் துளை போட ஆசை வரும். தகட்டுக்குக் கீழே பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சர் எல்லாம் ஓடுகின்றன. வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் ஒரு துளையும் போடாதீர்கள். முடிந்தவரை ஏற்கெனவே உள்ள போல்ட் இடங்களையே பயன்படுத்துங்கள்.

கியர் இடிக்கிறது, அல்லது தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது

நிறுத்திய வண்டியில் எல்லாக் கியரும் விழுந்தது, ஓடும்போது மட்டும் இடிக்கிறது என்றால் காரணம் இன்ஜின் அசைவு. கியர் லீவர் கம்பி வழியாக நேராகக் கியர்பாக்ஸோடு இணைந்திருக்கும் வண்டிகளில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சாயும், லீவரும் கூடவே நகரும். அதனால் லீவரின் கடைசி நிலையிலிருந்து இன்னும் 15 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள். அளக்கும்போது 2, 4 கியர்களும் ரிவர்ஸும் முக்கியம், லீவர் அதிகம் பின்னால் வருவது பெரும்பாலும் அங்கேதான், கூடவே உங்கள் விரல் முட்டியும் வரும்.

கியர் தானாகக் கழன்று வந்தால் உடனே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். லீவரைச் சுற்றியுள்ள ரெக்சின் பையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் பை சிறியது, அது இழுத்து லீவரை நடுவுக்குக் கொண்டுவருகிறது. கடைசிக் கியர் வரை போனாலும் மடிப்பு மிச்சம் இருக்கும்படி தைக்க வேண்டும். பையை எடுத்த பிறகும் கழன்றால் அது கன்சோல் பிரச்சினை இல்லை, மெக்கானிக்கிடம் போங்கள்.

ஹேண்ட்பிரேக்கும் இப்படித்தான். இன்று ஆறு பல்லில் நிற்கும் பிரேக், கேபிள் தளர்ந்ததும் எட்டு ஒன்பது வரை மேலே போகும். முழுதாக இழுத்த பிறகும் மேலே இடம் இருக்க வேண்டும், மூடி திறந்திருக்கும்போதும் பிரேக்கை இழுக்க முடிய வேண்டும். சீட்டை முழுக்க முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, பெல்ட் பக்கிளுக்குக் கை தாராளமாகப் போகிறதா என்றும் பாருங்கள். பெல்ட் போடுவதற்குச் சிரமம் தரும் கன்சோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ரெக்சின் உரிகிறது, உப்புகிறது

எங்கே உரிகிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

உட்குழிந்த வளைவுகளில் மட்டும் தூக்கிக்கொண்டு, தட்டினால் உள்ளே காற்று இருப்பது தெரிந்தால், ஒட்டும்போது துணியை மேட்டிலிருந்து மேட்டுக்கு இழுத்திருக்கிறீர்கள். பள்ளத்துக்கு மேல் அது பாலம் போட்டதுபோல நின்று, வெயில் பட்டதும் சுருங்கி விடுபட்டுவிட்டது. ஒட்டும் வரிசையை மாற்ற வேண்டும். பள்ளத்தின் நடுவில் முதலில் அழுத்தி ஒட்டி, அங்கிருந்து மேடுகளை நோக்கிப் போங்கள். ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கினால் துணி வளையும். ஆழமான பள்ளம் என்றால் ஒரே துண்டில் முடிக்க நினைக்காமல் அங்கே ஒரு தையல் வைத்துவிடுங்கள், பார்ப்பதற்கும் அதுதான் நன்றாக இருக்கும்.

விளிம்பு முழுக்க உரிந்து, பசை பிசுபிசுவென்று நூல் இழுத்தால் பசை தவறு. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே பரப்புகளின் சூடு 60 டிகிரியைத் தாண்டும், சாதாரண ரப்பர் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். கார் உள்கூரைத் துணி ஒட்டுவதற்கென்று வரும் சூடு தாங்கும் பசையை வாங்குங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், மேலேயே பூசினால் அதே கதைதான்.

பசை காய்ந்த தூளாக இருந்து, துணியின் முதுகில் ஒட்டாமல் பலகையில் மட்டும் இருந்தால், ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்கிறீர்கள் அல்லது ரொம்ப நேரம் காயவிட்டிருக்கிறீர்கள். காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை, வழக்கமாக 10 முதல் 15 நிமிடம், பொறுத்திருந்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பதம் வருவதற்கு முன்பே ஒட்டினால் உள்ளே மாட்டிய கரைப்பான் ஆவியாகி மறுநாள் கொப்புளமாக எழும். சின்னக் கொப்புளத்தை மெல்லிய ஊசியால் குத்திச் சூடுகாட்டி அழுத்திவிடலாம், பெரியதைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும்.

பழைய கம்பெனி பாகத்தின் மேல் ஒட்டியது மட்டும் முழுசாக, சுத்தமாக உரிந்து வருகிறதா? பாகத்தைத் திருப்பிப் பின்பக்கம் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். பி.பி. என்று இருந்தால் அது பாலிப்ரோப்பிலீன், அதில் எந்தச் சாதாரணப் பசையும் நிற்காது. அதற்கென்ற பிரைமரைப் பூசுங்கள், இல்லாவிட்டால் துணியைப் பின்பக்கம் மடித்து ஸ்குரூ, கிளிப் வைத்துப் பிடியுங்கள். ஏ.பி.எஸ். என்று இருந்தால் கவலை இல்லை, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டலாம்.

ரெசின் காயவில்லை, புட்டி வெடிக்கிறது

பைபர் கிளாஸில், அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்ற இறுகும் திரவத்தில் நனைத்து, வடிவம் எடுப்பவர்களுக்கு. நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேலே மட்டும் பிசுபிசுப்பு, உள்ளே கெட்டி என்றால் பயமில்லை. பாலியெஸ்டர் ரெசினில் காற்றுப்படும் மேற்பரப்பு அப்படித்தான் நிற்கும், அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் தேய்க்கலாம். நகம் உள்ளே இறங்கினால் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் குறைவு அல்லது குளிர். பொதுவாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது 200 கிராமுக்கு 2 முதல் 4 கிராம். கண்ணால் பார்த்து ஊற்றுவதை விட்டுவிட்டுத் தராசு வையுங்கள். வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் எவ்வளவு சரியாக அளந்தாலும் இழுத்துக்கொண்டே போகும். நாலைந்து நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தும் இறுகாவிட்டால் சுரண்டி எடுப்பது தவிர வேறு வழி இல்லை, மேலே புது ரெசின் பூசி மறைத்தால் அது மொத்தமாகப் பிளந்துகொண்டு வரும்.

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். ஆக்சிலரேட்டர் என்று தனிப் பாட்டிலில் வரும் கோபால்ட் திரவம் உங்களிடம் இருந்தால், அதையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

புட்டி கோடு கோடாக வெடிப்பது புட்டியின் குற்றம் இல்லை, அடியில் உள்ள பைபர் கிளாஸ் ஓடு மெல்லியது. கையால் அழுத்தினால் உள்ளே போய் வரும் ஓட்டின் மேல் எந்தப் புட்டியும் நிற்காது. உட்புறமாகக் கண்ணாடி இழை மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் வகை) இரண்டு மூன்று அடுக்கு ஏற்றிவிட்டு, வெடித்த இடத்தைச் சுரண்டி மறுபடி போடுங்கள். தெர்மோகோலில் அச்சு செதுக்கி, அதன் மேல் நேரடியாகப் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றி, அச்சே கரைந்து குழியாகிப் போனதா? ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைக்கும். அலுமினிய டேப்பால் முழுக்க மூடிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் எப்பாக்ஸி வாங்குங்கள்.

3டி பிரிண்ட் செய்த சுவிட்ச் சட்டம் வளைந்துபோனால் அது அநேகமாகப் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக், 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே மெதுவாகிவிடும். அதைவிடச் சூடு தாங்கும் ஏ.எஸ்.ஏ. அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் மறுபடி அச்சிடுங்கள், வளைந்ததை நிமிர்த்திப் பயன் இல்லை.

மூடி சரியாக மூடவில்லை

வெறும் பலகையாக இருந்தபோது கச்சிதமாக இருந்தது, ரெக்சின் போட்டதும் இடிக்கிறது. ரெக்சின் தடிமன் 1 மி.மீ. என்று வையுங்கள், மூடியின் விளிம்பில் ஒன்று, பெட்டியின் விளிம்பில் ஒன்று, மூலையில் மடிப்பு வந்தால் இன்னும் இரண்டு. ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. விட்டு வெட்டியிருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, துணியைப் பிரித்து மூடியைச் சுற்றிலும் இழைப்பதுதான். பின்பக்கம் மட்டும் தூக்கினால் கீலின் அச்சு மேற்பரப்பைவிடத் தாழ்ந்திருக்கிறது. கீலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள்.

பேட்டரி இறங்குகிறது, சார்ஜ் மெதுவாக ஏறுகிறது, ரேடியோ இரைகிறது

இரவில் நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கன்சோலில் சேர்த்த ஏதோ ஒன்று சாவி எடுத்த பிறகும் குடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் கன்சோலின் ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டு அதே மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள், மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே போதும். மீட்டர் இருந்தால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் 10 ஆம்பியர் நிலையில் மீட்டரை வைத்து, கதவுகளை மூடி, வண்டியின் மின்னணுப் பெட்டிகள் தூங்கும்வரை அரை மணி நேரம் பொறுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்ப வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் வழக்கமானது. 300 காட்டினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல் போகிறது, 45 ஆம்பியர் மணி பேட்டரி அதை எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தீர்வு, கன்சோலின் முழு மின்சாரத்தையும் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகக் கொண்டுவருவது. அதன் முனைகளில் எழுதியிருக்கும் எண்படி: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, கன்சோலுக்கு 87, சாவி போட்டால் உயிர் வரும் வயர் 86, எர்த் 85.

சார்ஜ் மெதுவாக ஏறினால் சார்ஜரைக் குறை சொல்வதற்கு முன், அது வேலை செய்துகொண்டிருக்கும்போது அதன் முனையில் வோல்ட் அளங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 இருந்து அங்கே 12.5 என்றால் நடுவில் வயர் தின்கிறது. போக 2 மீட்டர், எர்த்துக்குத் திரும்ப 2 மீட்டர் என்று 0.5 சதுர மி.மீ. வயர் போட்டு 10 ஆம்பியர் இழுத்தால் சுமார் 1.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். மெல்லிய வயர் சூடாகவும் செய்யும். ஃபியூஸ் போடுவது வயரைக் காப்பாற்றத்தான், அதனால் 0.5 வயருக்கு 5 ஆம்பியருக்கு மேல் ஃபியூஸ் வேண்டாம், அதுவும் மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கன்சோலுக்குள் இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியது போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ரேடியோவில் இரைச்சல், யு.எஸ்.பி. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது என்றால் அதன் உள்ளே வேகமாக மாறி மாறி இயங்கும் சர்க்யூட்தான் காரணம். இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையம் ஒன்றைச் சார்ஜருக்கு நெருக்கமாக வயரில் மாட்டுங்கள், ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் சார்ஜரை மாற்றுங்கள். இன்ஜின் சுற்றுக்கேற்பக் குரல் ஏறி இறங்கும் ஊளை என்றால் எர்த். கன்சோலின் எர்த்தும் ஸ்டீரியோவின் எர்த்தும் ஒரே இடத்தில், பெயின்ட் சுரண்டிய தகட்டில் போய்ச் சேரட்டும்.

வயர்லெஸ் சார்ஜர் ஏறி ஏறி நின்றால் சூடு அல்லது தடிமன். ரெக்சினும் பலகையும் சேர்ந்து 3 மி.மீ.க்குள் இருக்கும்படி அந்த இடத்தைப் பின்னாலிருந்து குடைந்து, அடியில் காற்றுப் போக வழி விடுங்கள்.

பாட்டில் சாய்கிறது, சிந்துகிறது

குளிர்பான டின்னின் விட்டம் 66 மி.மீ., அரை லிட்டர் பாட்டில் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில். 75 மி.மீ. துளை போட்டு உள்ளே ஃபோம் வளையம் வைத்தால் இரண்டும் நிற்கும், ஆழம் 70 மி.மீ.யாவது வேண்டும். பலகையில் வெறும் ஓட்டையாக விட்டிருந்தால் சிந்தியது நேராகக் கீழே இறங்கும், கீழே இருப்பது ஏர்பேக் யூனிட்டும் உங்கள் வயர் கனெக்டரும். அடி மூடிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை உள்ளே இறக்கி, விளிம்பைச் சுற்றி அடைத்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் கன்சோலைக் கழற்றி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மட்டும் அதில் குடிக்கும் சாமானை வையுங்கள்.